காருக்குள்ள அம்மா எங்க? க்ராஷ் டெஸ்ட்டும் பொம்பளைங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில பதினோரு வருஷமா லேடீஸ்க்கு கார் ஓட்டக் கத்துக் குடுக்கறேன். டீச்சருங்க, நர்ஸுங்க, ஓசூர் கம்பெனிக்கு வேலைக்கு போறவங்க, பையன் வாங்கிக் குடுத்த காரை கவர் போட்டு மூடி வெச்சிருந்த அம்மாங்க, எல்லா மாதிரியும் வந்திருக்காங்க. முதல் நாள் டிரைவர் சீட்ல ஏறி உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான், கால் எட்டல, பெல்ட் கழுத்தை அறுக்குது, முன்னாடி பானெட்டே தெரியல. "இந்த காரை யாருக்குக்கா செஞ்சாங்க?"னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, அதுல இருந்து இதைப் பத்தி தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சவ நான். ஒவ்வொரு பேட்சுக்கும் சொன்னதையே சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிப் போட்டுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்டபடியே இருக்கு.

அக்கா, க்ராஷ் டெஸ்ட்னா சும்மா காரைக் கொண்டு போய் சுவத்துல மோதறதா?

கிட்டத்தட்ட அதேதான், ஆனா கணக்கா மோதுவாங்க. நம்ம நாட்டு பாரத் என்கேப் டெஸ்ட்ல (புது காருக்கு பாதுகாப்பு ஸ்டார் குடுக்கற அரசாங்கத் திட்டம்) காரை 64 கிமீ வேகத்துல இழுத்துட்டு வந்து, அதோட முகத்துல 40 சதவீதம் மட்டும் படற மாதிரி ஒரு தடுப்புல விடுவாங்க. அந்த தடுப்பு அலுமினியத்துல தேன்கூடு மாதிரி செஞ்சது, நசுங்கும். சிங்கிள் ரோட்டுல ஓவர்டேக் எடுத்து எதிர் வண்டியோட பாதி மூஞ்சி மோதுதே, அந்த மாதிரி விபத்தைத்தான் அது காட்டுது. அப்பறம் பக்கவாட்டுல 50 கிமீ வேகத்துல ஒரு டிராலியை விட்டு இடிப்பாங்க, மூணு ஸ்டாரோ அதுக்கு மேலயோ வேணும்னா கம்பத்துல பக்கவாட்டா மோதற டெஸ்ட்டும் உண்டு.

இது கம்பெனிங்க விருப்பப்பட்டு வர்ற டெஸ்ட். சட்டப்படி கட்டாயமா பாஸ் ஆக வேண்டியது தனியா இருக்கு, அதுல முன்பக்க மோதல் 56 கிமீ. அதுவே புது மாடலுக்கு 2017 அக்டோபர்லதான் வந்துச்சு, ஏற்கனவே ஓடிட்டிருந்த மாடலுக்கு 2019ல. அதுக்கு முன்னாடி வாங்கின கார் வெச்சிருக்கவங்க பயப்படாதீங்க, ஆனா பெல்ட்டை மட்டும் விட்டுடாதீங்க.

உள்ள உட்கார வெக்கற டம்மி துணிக்கடை பொம்மை மாதிரியா?

இல்லம்மா, அது வெலை கூடின சாமான். இரும்பு எலும்பு, மேல ரப்பர் தோல், நெஞ்சு எவ்வளவு அமுங்குச்சு, கழுத்து எவ்வளவு வளைஞ்சுச்சு, தொடை எலும்புல எவ்வளவு அழுத்தம்னு அளக்க உள்ள சென்சார். முதல் டம்மியை 1949ல அமெரிக்க விமானப்படைக்காக செஞ்சாங்க, போர் விமானத்துல இருந்து பைலட்டை சீட்டோட தூக்கி எறியற சோதனைக்கு. ஆரம்பமே பட்டாளத்து ஆளுதான்.

இப்ப உலகம் பூரா முன்பக்க டெஸ்ட்ல ஜாஸ்தி உட்காருறது ஹைப்ரிட் த்ரீனு ஒண்ணு. ஜெனரல் மோட்டார்ஸ் 1976ல கொண்டு வந்தது. உயரம் 175 செமீ, எடை 78 கிலோ. நம்ம கணக்குல 5 அடி 9 அங்குலம். இந்த அளவை மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இது வரும்.

பொம்மைல என்னக்கா ஆம்பள பொம்பள?

இதைக் கேக்காத ஆளே இல்ல. பெல்ட் எவ்வளவு இறுக்கணும், எவ்வளவு அழுத்தம் வந்ததும் கொஞ்சம் லூஸ் விடணும், ஏர்பேக் எந்த வேகத்துல ஊதணும், சீட் எவ்வளவு கெட்டியா இருக்கணும், எல்லாத்தையும் அந்த பொம்மைக்கு அடி கம்மியா படற மாதிரிதான் பாத்துப் பாத்து வெப்பாங்க, ஏன்னா மார்க் குடுக்கறது அதோட சென்சார்தான். டெய்லர் ஒருத்தர் அளவெடுத்து தெச்ச சட்டையை வீட்ல எல்லாரும் போட்டுக்கற கதை. போட்டுக்கலாம், மாட்டும். ஆனா தோள்ல தொங்கும்.

உயரம் மட்டும் வித்தியாசம் இல்ல. கழுத்து மெலிசு, கழுத்து சதையோட பலம் கம்மி. இடுப்பு எலும்போட வடிவம் வேற, பெல்ட் அது மேல உட்காருற விதம் வேற. மார்பு இருக்கறதால தோள் பெல்ட் நெஞ்சு நடுவுல படியாம கழுத்துப் பக்கம் ஏறும், இல்லன்னா தோள் ஓரத்துக்கு நழுவும். கால் குட்டையா இருக்கறதால முன்னாடி நகர்ந்து உட்காருறோம், அதனால முட்டி டேஷ்போர்டுக்கும் நெஞ்சு ஸ்டீரிங்குக்கும் கிட்ட போயிடுது. இதுல எதையுமே 78 கிலோ பொம்மை சொல்லாது.

பொம்பளை டம்மி இருக்கே, யூடியூப்ல பாத்தேனே?

இருக்கு. ஹைப்ரிட் த்ரீலயே சின்ன சைஸ் ஒண்ணு, உயரம் சுமார் 150 செமீ, எடை 49 கிலோ. ஆனா அதை பொம்பளை உடம்பைப் பாத்து முதல்ல இருந்து செய்யல, ஆம்பளை டம்மியை சுருக்கி வெச்சதுதான். அமெரிக்கா 2000ல சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு, 2011 மாடல்ல இருந்து அவங்க ஸ்டார் டெஸ்ட்ல முன் பயணி சீட்ல உட்கார வெச்சாங்க. ஐரோப்பால 2015ல இருந்து ஒரு முழு முகப்பு மோதல் டெஸ்ட்ல டிரைவர் சீட்லயே உட்கார வெச்சாங்க.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயம். அவங்க இந்த டம்மியை எந்தக் கணக்குல செஞ்சாங்கன்னா, நூறு அமெரிக்க பொம்பளைங்களை உயர வரிசைல நிக்க வெச்சா கடைசில நிக்கற அஞ்சு பேர்ல ஒருத்தி. அதாவது அவங்க ஊர்ல ரொம்ப குள்ளம். நம்ம தேசிய குடும்பநல ஆய்வுல இந்தியப் பொண்ணுங்க சராசரி உயரம் கிட்டத்தட்ட 152 செமீ. அவங்களுக்கு "அபூர்வமா சின்ன பொம்பளை"ன்னு தோணறவ நமக்கு பாலக்கோடு சந்தைல தக்காளி பேரம் பேசற சாதாரண அம்மா. நான் 4 அடி 11, அதாவது அந்த டம்மி நானேதான்! என் கிளாஸுக்கு வர்றதுல பாதிப் பேரும் அவதான். இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு சிரிக்கறதா கோவப்படறதான்னே தெரியல.

சரி, நம்ம பாரத் என்கேப்ல அந்தச் சின்ன டம்மியை வெக்கறாங்களா?

2023 அக்டோபர் 1ல இருந்து ஆரம்பிச்ச டெஸ்ட்ல முன் சீட் ரெண்டுலயும் அந்த 175 செமீ ஆளுங்கதான். பின் சீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை டம்மி ஒண்ணு, மூணு வயசு டம்மி ஒண்ணு. பக்கவாட்டு டெஸ்ட்லயும் முன்னாடி நடுத்தர ஆம்பளை அளவுதான்.

எண்ணிப் பாருங்க. அப்பா ஓட்டறார், பக்கத்துல சித்தப்பா, பின்னாடி ரெண்டு பசங்க. ஒகேனக்கல் போற குடும்பத்துல அம்மாவை மட்டும் வீட்லயே விட்டுட்டு கெளம்பின மாதிரி இருக்கா இல்லையா? குழந்தைக்கு டம்மி வெச்சதை நான் குறை சொல்லல, ரொம்ப நல்லது. அந்தக் குழந்தையை யாரு பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கறாங்கன்னுதான் கேக்கறேன்.

அப்ப 5 ஸ்டார்ங்கறது ஏமாத்து வேலையா?

இல்லவே இல்ல, இப்படிப் பேசிட்டு ஸ்டார் இல்லாத காரை வாங்கிடாதீங்க. ஆளு உட்காருற கூண்டு நசுங்காம நிக்கற கார் யாரு உட்கார்ந்திருந்தாலும் நல்லதுதான், கூண்டே மடங்கிட்டா டம்மி சைஸ் எல்லாம் பேச்சே இல்ல. 2014ல குளோபல் என்கேப்னு ஒரு வெளிநாட்டு டெஸ்ட் அமைப்பு நம்ம ஊர்ல விக்கற அஞ்சு காரை டெஸ்ட் பண்ணி பூஜ்யம் ஸ்டார் குடுத்துச்சு, அங்க இருந்து இன்னைக்கு வந்திருக்கற தூரம் சாதாரணம் இல்ல. 5 ஸ்டார்னா அந்த அளவு ஆளுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், உங்களுக்கும் ஓரளவு செய்யும். எந்த அளவுன்னு அளந்து பாக்கல, அவ்வளவுதான் என் புகார்.

நிஜமாவே பொம்பளைங்களுக்கு அடி ஜாஸ்தியா, இல்ல சும்மா பேச்சா?

அமெரிக்காவுல கணக்கு எடுத்திருக்காங்க. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2011ல சொன்னது: ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்து ஒரே மாதிரி விபத்துல மாட்டினா, பலத்த காயம் படற வாய்ப்பு பெண் டிரைவருக்கு 47 சதவீதம் அதிகம். அதே இடத்துல 2019ல முன்பக்க மோதலை மட்டும் எடுத்து, வயசு உயரம் உடல்வாகு வித்தியாசத்தையெல்லாம் கழிச்சுப் பாத்தாங்க, 73 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. கணுக்கால், பாதம் மாதிரி காலோட கீழ் பாகத்துல அடிபடறது குறிப்பா ஜாஸ்தி.

நல்ல சேதியும் இருக்கு, அதை மறைச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அமெரிக்க நெடுஞ்சாலை பாதுகாப்பு நிர்வாகம் 2022ல சாவுக் கணக்கை மட்டும் பாத்துச்சு. ஒரே மாதிரி மோதல்ல பெண் சாகற அபாயம் பழைய கார்ல (1960லருந்து 2009 மாடல் வரை) 18.3 சதவீதம் கூட இருந்துச்சு, 2010லருந்து 2020 மாடல்ல 6.3 ஆச்சு, 2015க்கு அப்பறம் வந்த கார்ல 2.9க்கு எறங்கிடுச்சு. புது ஏர்பேக், புது பெல்ட், சின்ன டம்மியை டெஸ்ட்ல சேத்தது எல்லாம் அந்தக் காலத்துலதான் நடந்துச்சு. செஞ்சா குறையுதுன்னு தெரிஞ்சு போச்சு, செய்யாததுக்கு இனி சாக்கு கிடையாது.

லேடீஸ் சின்ன கார் ஓட்டறீங்க, அதான் அடிபடுதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரே?

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிங்க சேந்து நடத்தற பாதுகாப்பு அமைப்பு ஒண்ணு 2021ல இதையேதான் பாத்துச்சு. அங்க ஆம்பளைங்க பெரிய பிக்கப் வண்டி ஜாஸ்தி ஓட்டறாங்க, ரெண்டு வண்டி மோதினா இடிக்கற வண்டில ஆம்பளையும் இடி வாங்கற வண்டில பொம்பளையும் இருக்கறதும் ஜாஸ்தி. இந்த வித்தியாசத்தை கழிச்சதும் பலத்த காயத்துல இருந்த இடைவெளி பெருமளவு காணாம போச்சு.

மீதிப் பாதி இதான்: அப்படிக் கழிச்ச பிறகும் எலும்பு முறிவு மாதிரி நடுத்தரக் காயமும் கால் காயமும் பெண்களுக்கு கூடவே நின்னுச்சு. நம்ம ஊர் கதைக்கு வந்தா, வீட்ல ரெண்டு கார் இருந்தா ஏர்பேக் நெறைய உள்ள புதுசு யாருக்கு, பத்து வருஷ பழசு "நீ இதுல ஓட்டிப் பழகு"ன்னு யாருக்கு? அதையும் அவர்கிட்டயே கேளுங்க.

எனக்கு கால் எட்டல. சீட்டை முழுசா முன்னாடி இழுத்து தலகாணி போட்டு ஓட்டறேன், தப்பாக்கா?

தப்பு உங்க மேல இல்ல, ஆனா தலகாணியை எடுத்துடுங்க. எங்கிட்ட வந்த ஒரு டீச்சர் வீட்ல இருந்து இலவம்பஞ்சு தலகாணியே கொண்டு வந்தாங்க, பூப்போட்ட உறையோட. அது மேல உட்கார்ந்தா ரோடு நல்லாத் தெரியுது, அது உண்மை. ஆனா டக்குனு பிரேக் அடிச்சுக் காட்டினேன், வெறும் 20 கிமீ வேகம்தான், தலகாணி அமுங்கி முன்னாடி நழுவுச்சு, கூடவே அவங்க இடுப்பும் நழுவுச்சு, இடுப்பு எலும்பு மேல இருந்த பெல்ட் வயித்து மேல ஏறிடுச்சு. நிஜ மோதல்ல பெல்ட் வயித்துக்குள்ள புகுந்து குடல், ஈரல் எல்லாம் நசுங்கும். முதுகுக்குப் பின்னாடி வெக்கற தலகாணியும் வேணாம், அது உங்களை ஸ்டீரிங் கிட்ட தள்ளும்.

சரியான வரிசை சொல்றேன். முதல்ல கால்: கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சா முட்டி லேசா மடங்கி இருக்கணும், அந்த அளவுக்கு மட்டும் சீட்டை இழுங்க. அடுத்து சீட் ஹைட் லிவர் இருந்தா மேல ஏத்துங்க. அப்பறம் முதுகு சாய்மானத்தை கொஞ்சம் பின்னாடி சாய்ங்க. கடைசியா பையனோட 30 செமீ ஸ்கேலை எடுத்து ஸ்டீரிங் நடுவுல இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் வெச்சுப் பாருங்க, 25 செமீக்கு கம்மி ஆகக் கூடாது. ஸ்டீரிங் ஏத்தி இறக்கற வசதி இருந்தா அது மூஞ்சியைப் பாக்காம நெஞ்சைப் பாக்கற மாதிரி இறக்குங்க. கட்டி அடிப்பாகம் உள்ள ஷூ போட்டாலே ஒரு அங்குலம் கெடைக்கும், ரப்பர் செருப்பு வேணவே வேணாம்.

இத்தனை செஞ்சும் 25 வரலைன்னா அந்த கார் உங்களுக்கு தோதில்ல. வாங்கறதுக்கு முன்னாடி எப்படிப் பாக்கணும்னு கீழ சொல்லியிருக்கேன்.

பெல்ட் கழுத்தை அறுக்குது, தாலி வேற மாட்டுது. கைக்கு அடில விட்டுக்கலாமா?

கூடாது. கைக்கு அடில போனா அந்த அழுத்தம் பூரா மெல்லிசா இருக்கற கீழ் விலா எலும்பு மேல போகும், அது உடைஞ்சு உள்ள குத்தும். முதுகுக்குப் பின்னாடி போட்டுக்கறது அதை விட மோசம். சத்தம் வராம இருக்க வெறும் கிளிப் மட்டும் சொருகறாங்களே, அதை விக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாசம் அஞ்சு பெரிய ஆன்லைன் கடைக்கு உத்தரவே போட்டுச்சு.

கதவுத் தூண்ல பெல்ட் வர்ற கொக்கி இருக்குல்ல, நெறைய கார்ல அதை அமுக்கி மேல கீழ நகர்த்தலாம். கார் டெலிவரி எடுத்த நாள்ல இருந்து மேல் பூட்டுலயேதான் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. கீழ இறக்குங்க, பெல்ட் தோள் நடுவுல, மார்புக்கு நடுவுல வரணும். முந்தானையை சொருகிட்டு தாலியை ஜாக்கெட்டுக்குள்ள போட்டுட்டு அப்பறம் பெல்ட். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ சுருக்குனு இழுத்து விடுங்க, தொங்கக் கூடாது.

ஆறு மாசம், வயிறு தெரியுது. பெல்ட் போட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க

அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க, பெல்ட் போடலைன்னாதான் குழந்தைக்கு ஆபத்து. விபத்துல நஞ்சுக்கொடி கர்ப்பப்பைல இருந்து பிரிஞ்சுடறதும், தாய்க்கு அடிபடறதும்தான் குழந்தை போறதுக்கு பெரிய காரணம். கீழ் பெல்ட் வயித்துக்கு அடில, தொடையும் இடுப்பும் சேர்ற எலும்பு மேல. தோள் பெல்ட் மார்பு நடுவுல வந்து வயித்துக்கு பக்கவாட்டுல இறங்கணும். நடுவயித்து மேல எதுவும் குறுக்க போகக் கூடாது. சீட்டை எவ்வளவு முடியுமோ பின்னாடி தள்ளுங்க, வயிறு ஸ்டீரிங்ல உரசற நெலைமை வந்தா ஓட்டறதை வேற யாருகிட்டயாவது விட்டுடுங்க. சின்ன இடி வாங்கினாலும், வலி இல்லைன்னாலும், அன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க.

கர்ப்பிணி டம்மி இருக்கான்னு கேட்டீங்கன்னா, வோல்வோ 2002ல கம்ப்யூட்டர்ல ஒரு கர்ப்பிணி மாடல் செஞ்சு பாத்துச்சு. ஸ்டார் குடுக்கற டெஸ்ட்ல அவளுக்கு சீட் இல்ல.

பின்னாடி உட்கார்ந்தா பெல்ட் எதுக்கு? முன்னாடி சீட் இருக்கே

பின்னாடி பெல்ட் இல்லாம இருந்தா முன் சீட்டுக்காரரையும் சேத்து நசுக்குவீங்க. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கத்துல செத்தாரே, விலை ஒசந்த கார், முன்னாடி இருந்த ரெண்டு பேரும் பொழைச்சாங்க, பின்னாடி பெல்ட் இல்லாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்தான், போடலைன்னா 1000 ரூபாய் அபராதம்.

நம்ம வீட்ல பின் சீட்னா யாரு? அம்மா, பாட்டி, கைக்குழந்தைக்காரி. மடில இருக்கற குழந்தையை மோதல்ல கையால பிடிக்கவே முடியாது, 50 கிமீ வேகத்துல பத்து கிலோ குழந்தை மூட்டை மூட்டையா கனமாயிடும். குழந்தைக்கு தனி சீட் வாங்குங்க.

ஏர்பேக் குள்ளமா இருக்கறவங்களை கொன்னுடும்னு வாட்ஸாப்ல வந்துச்சே?

பழைய கதை, நெஜக் கதைதான். அமெரிக்காவுல 1990கள்ல வந்த முதல் ஏர்பேக் ரொம்ப வேகமா வெடிச்சுச்சு. ஏன்னா பெல்ட் போடாத சராசரி ஆம்பளையையும் அது தனியா தாங்கணும்னு அங்க விதி. 1990லருந்து 2008 வரைக்கும் மெதுவான மோதல்லயே ஏர்பேக் அடிச்சு 290 பேருக்கு மேல செத்தாங்க, அதுல பெரும்பாலும் குழந்தைங்க, கூடவே ஸ்டீரிங்கை ஒட்டி உட்கார்ந்த சின்ன உருவப் பெண்களும். பெரும்பாலும் 1998க்கு முந்தின கார், முக்காவாசிப் பேர் பெல்ட்டும் சரியா போடல. அதுக்கப்பறம் வேகத்தைக் குறைச்சாங்க. இப்ப கார்ல பெல்ட் போட்டு 25 செமீ தள்ளி உட்கார்ந்தா ஏர்பேக் உங்களைக் காப்பாத்தும். தள்ளி உட்காருறது எப்படின்னு மேலயே சொல்லிட்டேன்.

கிருஷ்ணகிரி டோல்கேட்ல நிக்கறப்ப பின்னாடி ஒருத்தன் லேசா தட்டினான். அவருக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு மட்டும் ஒரு மாசம் கழுத்து வலி. நான் நடிக்கறேன்னாரு

நடிப்பு இல்லம்மா. பின்னாடி இருந்து இடிச்சா உடம்பை சீட் முன்னாடி தள்ளும், தலை பின்னாடியே நிக்கும், கழுத்து சாட்டை மாதிரி சுண்டும். இந்தக் கழுத்துக் காயம் பெண்களுக்கு ஜாஸ்தின்னு பல வருஷமா தெரிஞ்ச விஷயம். எடை கம்மியா இருக்கறதால சீட் சாய்மானம் அவ்வளவா பின்னாடி அமுங்காது, நம்மள வேகமா திருப்பி எறியும். அந்த சாய்மானம் எவ்வளவு அமுங்கணும்னு பாத்ததும் ஆம்பளை டம்மியை வெச்சுத்தான்.

ஸ்வீடன்ல ஆஸ்ட்ரிட் லிண்டர்னு ஒரு பேராசிரியை, ரொம்ப வருஷமா இதுக்காகவே போராடி, அவங்க குழு 2022ல சராசரி பெண்ணோட உருவத்துல ஒரு டம்மி செஞ்சு காட்டுச்சு, 162 செமீ, 62 கிலோ, பின்பக்க மோதலுக்குன்னே. உங்களால இப்ப முடிஞ்சது ஹெட்ரெஸ்ட்டை சரி பண்றது. அது தலைக்குப் பின்னாடி, உச்சந்தலை உயரத்துக்கு, ஒட்டினாப்ல இருக்கணும், கழுத்துக்குப் பின்னாடி இல்ல. கொண்டை போட்டா தலை முன்னாடி தள்ளிடும், ஓட்டறப்ப பின்னலை முன்னாடி விட்டுக்கோங்க.

எங்க வீட்டுக்காரரே 5 அடி 4தான், அப்ப அவரு?

அவரும் நம்ம கட்சிதான். இந்திய ஆம்பளைங்க சராசரி சுமார் 165 செமீ, டம்மியை விட நாலு அங்குலம் குட்டை. இதைச் சொன்னா மட்டும் எங்க ஊர் ஆம்பளைங்க காது குடுத்துக் கேக்கறாங்க. சீட், பெல்ட் சொன்னதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

எங்ககிட்ட காரே இல்ல, வண்டிதான். எங்களுக்கு என்ன?

புடவை சக்கரத்துல மாட்டாம இருக்க பின் சக்கரத்துல ஒரு கம்பித் தடுப்பு இருக்குல்ல, அது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின் சக்கரத்துல பாதிக்காவது மறைப்பு, பிடிச்சுக்க கைப்பிடி, கால் வெக்க இடம், மூணும் வேணும். நம்ம பொம்பளைங்க உட்காருற விதத்தைப் பாத்து எழுதின அபூர்வமான விதி. அதை ஸ்டைலுக்காக கழட்டிப் போட்டுட்டு புது வண்டி ஓட்டற தம்பிங்களை நான் பாத்தா நிறுத்தித் திட்டுவேன். ஒரு பக்கமா உட்காராம ரெண்டு பக்கம் கால் போட்டு, ஹெல்மெட் போட்டு உட்காருங்க, பென்னாகரம் ரோட்டு வேகத்தடை எல்லாம் ஆளைத் தூக்கி எறியும்.

கார் வாங்கப் போறோம். ஷோரூம்ல என்ன பாக்கணும்?

முதல்ல, ஓட்டப் போறது நீங்கன்னா டெஸ்ட் டிரைவ் நீங்க எடுங்க. ஒரு ஷோரூமுக்கு ஸ்டூடண்ட் கூட போனேன், சேல்ஸ் தம்பி சாவியை அவங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டு, அவங்களுக்கு பின் சீட் கதவைத் திறந்து விட்டு வேனிட்டி கண்ணாடியைக் காட்டினான். பணம் கட்டறது அந்தப் பொண்ணு!

டிரைவர் சீட் ஹைட் ஏறுதா, ஸ்டீரிங் இறங்குதா, முன்ன பின்ன வருதா, தோள் பெல்ட் கொக்கி நகருதா, பின் சீட் நடுவுல இருக்கறவங்களுக்கும் மூணு முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் உண்டா. இந்த ஹைட் அட்ஜஸ்ட்டை பேஸ் மாடல்ல எடுத்துட்டு மேல் மாடல்ல மட்டும் குடுக்கறாங்க, மியூசிக் சிஸ்டத்துக்கு தர்ற காசை இதுக்குத் தாங்க. பையில ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க, சிரிச்சா சிரிக்கட்டும். சீட்ல பக்கவாட்டு ஏர்பேக் இருந்தா கண்ட சீட் கவர் போடாதீங்க. எனக்கே ஒரு கடைல இறுக்கித் தெச்சு மாட்டி விட்டான், ஏர்பேக் வெளிய வர்ற தையலையே மூடிட்டான், வீட்டுக்கு வந்து பிளேடு வெச்சுப் பிரிச்சேன்.

புது டம்மி வருதுன்னாங்களே, எப்ப?

தார் 05எஃப்னு ஒண்ணு, சின்ன உருவப் பெண்ணோட உடம்பைப் பாத்தே செஞ்சது, கழுத்து இடுப்பு கால் எல்லாம், 150க்கு மேல சென்சார். 2025 நவம்பர்ல அமெரிக்க போக்குவரத்துத் துறை அதோட வடிவத்தை வெளியிட்டுச்சு. அதை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்னு விதி வந்தாதான் கம்பெனிங்க சீட்டையும் பெல்ட்டையும் மாத்துவாங்க. நம்ம ஊருக்கு அந்த அளவு ரொம்பப் பொருத்தம், மேல சொன்ன 152 செமீயை நெனச்சுக்கோங்க. நம்ம ஆளுங்க அமெரிக்காவை எதிர்பாக்காம முதல்ல உட்கார வெச்சாக்கூட தகும்.

அந்த டம்மி 49 கிலோ ஒல்லி. எங்கம்மா குள்ளம், ஆனா 72 கிலோ, அறுபத்தி நாலு வயசு, மூட்டு வலி. அவங்களுக்கு எந்த பொம்மைக்கா?

எதுவும் இல்ல. வயசானா எலும்பு சீக்கிரம் உடையும், பருமனா இருந்தா கீழ் பெல்ட் இடுப்பு எலும்புல உட்காராம வயித்துல ஏறும், ஒரு இரும்பு பொம்மையால எல்லா உடம்பையும் காட்ட முடியாது. அதுக்குத்தான் இப்ப கம்ப்யூட்டர்ல மனுஷ உடம்பையே எலும்பு, சதையோட கட்டி மோத விட்டுப் பாக்கறாங்க. ஐரோப்பால விவா பிளஸ்னு ஒண்ணு, சராசரிப் பெண்ணை முதல்ல செஞ்சு அதுல இருந்து ஆம்பளையை உருவாக்கினாங்க, யாரு வேணா எடுத்துப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர்ல எடையையும் வயசையும் மாத்தி மாத்திப் பாக்க வழி இருக்கு.

இதைக் கேட்ட பொண்ணை அவங்கம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். காரிமங்கலத்துல இருந்து வந்தாங்க, அஞ்சு வருஷமா அந்த கார்ல முன் சீட்லதான் போறாங்களாம், பெல்ட்டை கையால கழுத்துல இருந்து தள்ளிப் பிடிச்சுட்டே. சீட்டை நிமித்தி, கீழ் பெல்ட்டை வயித்து மடிப்புக்கு அடில தள்ளி விட்டு, தூண் கொக்கியை அமுக்கினேன். நகரல, தூசி அடைச்சிருந்துச்சு. ரெண்டாவது தடவ பலமா அமுக்கினதும் டக் டக்னு மூணு பூட்டு இறங்குச்சு. அந்தம்மா பெல்ட்டை விட்டுட்டு கையை மடில வெச்சுட்டு, "அட, இது இறங்குமா?"ன்னாங்க.